மூன்று கிலோ சமோசா: ஒன்றே ஒன்று, உடையாமல்

2017 ஆகஸ்டில் கிழக்கு லண்டன் பள்ளிவாசலில் முஸ்லிம் எய்ட் தொண்டு நிறுவனத் தன்னார்வலர்கள் கின்னஸ் சாதனைக்காகப் பொரித்தெடுத்த சமோசா 153.1 கிலோ. அதற்கு முன் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்ட் கல்லூரி 2012-இல் செய்தது 110.8 கிலோ. லண்டன் சமோசாவைக் கம்பி வலை மேலேயே கட்டி, அதற்கென்றே செய்த தொட்டியில் இறக்கினார்கள். முக்கோணமாக இருக்க வேண்டும், பொரித்த பிறகும் வடிவம் குலையக் கூடாது, மனிதர் சாப்பிடும்படி இருக்க வேண்டும் என்பவை சாதனைக்கான நிபந்தனைகள். உத்தரப் பிரதேசத்து மீரட்டில் 2023-இல் ஒரு கடை 12 கிலோ சமோசாவை அரை மணிக்குள் தின்று முடிக்கும் போட்டி வைத்தது. கல்யாணச் சமையல் வாணலியும் பெரிய கேஸ் அடுப்பும் இருந்தால் 3 கிலோ வரை நாமே செய்யலாம். அதற்கு மேல் போனால் தூக்கி இறக்கவே ஏற்பாடு வேண்டும்.

எண்ணெயில் வேகப்போவது மேல்மாவு மட்டும்தான் என்பதை முதலில் மனதில் வையுங்கள். தடிமன் இரட்டிப்பானால் சூடு நடுவுக்குப் போக நாலு மடங்கு நேரம் ஆகும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த மசாலாவை அடைத்தால், வெளியே கருகத் தொடங்கும்போதும் நடுவில் வெதுவெதுப்புதான் இருக்கும். கெட்டுப்போக அதைவிடத் தோதான சூடு கிடையாது. மசாலா முழுதாக வெந்து, சூடாகவே உள்ளே போக வேண்டும்.

மேல்மாவுக்கு மைதா 600 கிராம், நெய் அல்லது டால்டா 130 கிராம், ஓமம் 2 டீஸ்பூன், உப்பு 10 கிராம், தண்ணீர் சுமார் 200 மில்லி. முதலில் நெய்யை மாவில் நன்றாகப் பிசற வேண்டும். கையில் பிடித்தால் கொழுக்கட்டை போல நிற்கணும். நெய் குறைந்தால் ஓடு கல்லாகும், கூடினால் எண்ணெயில் உதிரும். தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, பூரி மாவைவிடக் கெட்டியாகப் பிசைந்து, ஈரத்துணி போட்டு 40 நிமிடம் மூடி வையுங்கள்.

மசாலாவுக்கு வேகவைத்து உரித்த உருளைக்கிழங்கு ஒன்றரை கிலோ, பட்டாணி 300 கிராம், இஞ்சி 40 கிராம், பச்சை மிளகாய் 30 கிராம், ஒன்றிரண்டாக இடித்த மல்லி 15 கிராம், சீரகம் 10 கிராம், ஆம்சூர் (உலர்ந்த மாங்காய்த் தூள்) 12 கிராம், கரம் மசாலா 10 கிராம், உப்பு 24 கிராம், எண்ணெய் 60 மில்லி. வெங்காயம் போட்டே தீருவேன் என்றால் ஈரம் வற்றிச் சிவக்கும்வரை வதக்குங்கள். கிழங்கைக் குழைக்காமல் கையால் உடைத்து, கடாயில் ஒட்டாமல் சுருண்டு வரும்வரை கிளறி, அகலத் தட்டில் பரப்பி ஆவி போக விடுங்கள். 60 டிகிரிக்கு இறங்கியதும் அடைக்க வேண்டும். ஆவி பறக்கும்போதே அடைத்தால் உள்மாவு நனைந்து கிழியும்.

மாவில் 100 கிராமை ஒட்டுப்போட எடுத்து வைத்துவிட்டு, மீதியை 5 மில்லிமீட்டர் தடிமனில் அரைவட்டமாகத் தேயுங்கள். 30 செ.மீ. நூலை ஆரமாகப் பிடித்து ஓரத்தை வெட்டலாம். சாதாரண சமோசா மாதிரி மெல்லிசாக இட்டால் பாரம் தாங்காது. 7 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ உட்பக்கம் பச்சை மாவாகவே நின்றுவிடும். நேர் ஓரத்தின் பாதியில் மைதாப் பசை தடவி, மறுபாதியை 3 செ.மீ. மேலேறும்படி ஒட்டிக் கூம்பாக்குங்கள்.

துணி விரித்த குறுகலான தவலையில் கூம்பை முனை கீழாக நிறுத்தி, இடுக்கில் காற்று நிற்காமல் மசாலாவை அமுக்கி நிரப்புங்கள். மேலே 8 செ.மீ. விட்டு வாயைப் பசை தடவி மூடி, ஒரு பக்கமாக மடியுங்கள். இனி கையால் தூக்குவதே கூடாது. தவலை வாய் மேல் கம்பி வலையை வைத்து அப்படியே கவிழ்த்தால், மூடிய வாய் அடியில் வந்து உட்காரும். சமோசாவின் எடையே அதை அழுத்திப் பிடிக்கும். வலை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும், துத்தநாகம் பூசிய கம்பி வேண்டாம். நாலு மூலையிலும் தூக்கக் கம்பிப் பிடி, அடியில் இரண்டு விரல் உயரக் கால் வையுங்கள். சின்ன சமோசா போல இது மிதந்து வராது. வலை இல்லாவிட்டால் வாணலி அடியில் ஒட்டிக் கருகும்.

24 அங்குல வாணலியில் எண்ணெய் 12 லிட்டர், விளிம்புக்குக் கீழே நாலு விரலாவது காலியாக இருக்கணும். 140 டிகிரியில் இறக்குங்கள். சூடு தானாக இறங்கும். 125-130-இல் 35 நிமிடம். குமிழி சலசலவென்று மெதுவாக வந்தால் சரி. பெரிய கொப்புளம் கிளம்பினால் தீ அதிகம். எண்ணெய்க்கு வெளியே தெரியும் முனைமேல் கரண்டியால் எண்ணெயை அள்ளி அள்ளி ஊற்றுங்கள், திருப்பிப் போடாதீர்கள். பிறகு தீயை ஏற்றி 155-இல் 20 நிமிடம். ஆரம்பத்திலேயே அவசரப்பட்டால் உள்ளே ஆவி தேங்கி ஒட்டு பிளக்கும். மசாலா எண்ணெயில் கொட்டினால் நுரை பொங்கி அடுப்பில் வழியும். அதனால் திறந்த வெளியில், வாணலியை மூடும் அளவு தகர மூடியோடு செய்யுங்கள். தீப்பிடித்தால் கேஸை அடைத்து மூடியைப் போட வேண்டும், தண்ணீர் கூடவே கூடாது.

எடுப்பதற்கு முன் குத்தும் தெர்மாமீட்டரை முனை வழியாக நடுவரை இறக்கிப் பாருங்கள். 75 டிகிரி காட்டணும். குறைந்தால் 130-க்குத் தீயை இறக்கி இன்னும் பத்து நிமிடம். வலையோடு தூக்கி 20 நிமிடம் வடியவிட்டு, பிரெட் வெட்டும் பல்கத்தியால் அறுத்தால் 25 பேருக்கு வரும்.