ஆங்கிலத்தின் வழியே ஐஸ்லாந்தியக் காலணிச் சொற்களைக் கற்கும் முறை

படிப்புக்கோ வேலைக்கோ ஐஸ்லாந்து செல்லும் தமிழர்கள் அந்நாட்டு மொழியைப் பெரும்பாலும் ஆங்கிலத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டே கற்கிறார்கள். அப்படிக் கற்பவர்கள் தொடக்கத்திலேயே காலணி தொடர்பான சொற்களை எடுத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. அங்கே எந்த வீட்டுக்குப் போனாலும், நம் வீடுகளைப் போலவே, வாசலில் காலணியைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே செல்ல வேண்டும்; குளிர்காலத்தில் நடைபாதைகள் உறைந்து கிடக்கும்போது என்ன அணிந்து வெளியே போவது என்ற பேச்சு அன்றாடம் எழும். எனவே இச்சொற்கள் ஏட்டில் தூங்காமல் முதல் வாரத்திலேயே வாய்க்கு வந்துவிடும்.

முதலில் ஆங்கிலமும் ஐஸ்லாந்தியமும் உறவு மொழிகள் என்பதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் ஷூ என்பது ஐஸ்லாந்தியத்தில் ஸ்கோவ்ர். குதிகால் பகுதியான ஹீல் அங்கே ஹைட்ல். கயிற்றுக்கு அடியில் இருக்கும் நாக்குப் பகுதியான டங் அங்கே துங்கா. முன்முனையான டோ அங்கே தௌ. அடிப்பகுதியான சோல் அங்கே சோவ்லி. காலுறையான சாக் அங்கே சொஹ்க்குர். ஷூ, ஹீல், டங், டோ ஆகிய நான்கும் இரு மொழிகளுக்கும் பொதுவான பழைய ஜெர்மானிய வேரிலிருந்து வந்தவை. சோல், சாக் இரண்டும் லத்தீன் வழியாக இரு மொழிகளுக்குள்ளும் நுழைந்தவை. ஒரு காலணியைக் கையில் எடுத்து, ஒவ்வொரு பகுதியையும் தொட்டு, இரண்டு சொற்களையும் இணையாகச் சொல்லிப் பழகினால் இந்த ஆறும் ஒரே மாலையில் மனத்தில் பதிந்துவிடும்.

உச்சரிப்புக்கு நம் எழுத்துகளே பெருமளவு உதவுகின்றன. ஐஸ்லாந்திய எழுத்தில் தலையில் சிறு கோடு பெற்ற ஓகாரத்தை (ó) அவர்கள் ஓ என்று தொடங்கி மெல்லிய வகரத்தில் முடிப்பார்கள். அதனால்தான் ஸ்கோர் என்று எழுதாமல் ஸ்கோவ்ர் என்று எழுதியிருக்கிறேன். அதேபோல் தலையில் கோடு பெற்ற அகரம் (á) அப்படியே நம் ஔகாரம். இரட்டை லகரம் பல சொற்களில் ட்ல் என ஒலிக்கும். ஹைட்ல் அதற்குச் சான்று. காலணி தைத்துப் பழுதுபார்ப்பவரைக் குறிக்கும் ஸ்கோவ்ஸ்மிதுர் என்ற சொல்லில் வரும் தகரத்தை, அது, இது என்று சொல்லும்போது வரும் மென்மையான தகரமாக ஒலித்தால் போதும். அழுத்தம் எப்போதும் முதல் அசையில்தான் விழும்.

அடுத்து கூட்டுச்சொற்களுக்கு வாருங்கள். தமிழர்களுக்கு மிக எளிதாகக் கைவரும் பகுதி இதுவே, ஏனெனில் தோல்செருப்பு, மரச்செருப்பு என்று நாம் சொல்வது போலவே அவர்களும் வகையை முன்னும் பொருளை இறுதியிலும் வைக்கிறார்கள். மலையேற்றத்துக்கும் நெடுநடைக்கும் உரிய, ஆங்கிலத்தில் ஹைக்கிங் ஷூஸ் எனப்படுபவை கொய்ங்குஸ்கோவ்ர், அதாவது நடைக்காலணி. குளிருக்கானவை குல்தாஸ்கோவ்ர். ஆங்கிலத்தில் பிரிட்டனில் டிரெய்னர்ஸ் என்றும் அமெரிக்காவில் ஸ்னீக்கர்ஸ் என்றும் சொல்லப்படுபவற்றுக்கு ஸ்ட்ரிகாஸ்கோவ்ர் என்று பெயர். ஸ்ட்ரிகி என்றால் கித்தான் துணி. வீட்டுக்குள் அணிபவை இன்னிஸ்கோவ்ர். இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. நம் ஊரில் ஸ்லிப்பர் என்றால் ரப்பர் செருப்பு. ஆங்கில அகராதியில் அது வீட்டுக்குள் அணியும் மென்காலணி. ரப்பர் செருப்பை மனத்தில் வைத்துக்கொண்டு அகராதியில் ஸ்லிப்பர் என்று தேடினால் இன்னிஸ்கோவ்ர் என்ற விடை வரும். கடையில் அதைக் கேட்டால் கம்பளிக் காலணியை எடுத்து வைப்பார்கள்.

பூட்ஸ் மட்டும் இந்தக் குடும்பத்தில் சேராது. அதன் பெயர் ஸ்டீக்வ்யெல். மழைக்கும் சேற்றுக்கும் போடும் ரப்பர் பூட்ஸ் கும்மீஸ்டீக்வ்யெல். பார்ப்பதற்கு ஏறு என்ற வினையும் எந்திரம் என்ற பெயரும் சேர்ந்த சொல் போல இருந்தாலும், உண்மையில் இது ஜெர்மன் வழியாக வந்த கடன்சொல். ஜெர்மானியர்கள் ஸ்டீஃபல் என்பார்கள். இச்சொல் அஃறிணைப் பாலைச் சேர்ந்தது, ஸ்கோவ்ர் ஆண்பாலைச் சேர்ந்தது என்பதை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். கடையில் இது தேவைப்படும்.

வாசலில் பயன்படும் வினைகளை ஆங்கிலத்திலிருந்து சொல்லுக்குச் சொல் மாற்ற முயல வேண்டாம். ஆங்கிலத்தில் புட் ஆன், டேக் ஆஃப் என்று பொருளைக் கையாளும் வினைகள் வருகின்றன. ஐஸ்லாந்தியத்திலோ காலணிக்குள் போவதும் அதிலிருந்து வெளியே வருவதுமாகப் பேசுகிறார்கள். யெக் ஃபெர் ஈ ஸ்கோவ்னா என்றால் காலணியை அணிகிறேன். யெக் ஃபெர் ஊர் ஸ்கோவ்னும் என்றால் கழற்றுகிறேன். ஒரே சொல் ஓரிடத்தில் ஸ்கோவ்னா என்றும் மற்றோரிடத்தில் ஸ்கோவ்னும் என்றும் மாறுவது வேற்றுமையால்தான். செருப்பை, செருப்பில், செருப்பிலிருந்து என்று நாள்தோறும் உருபு சேர்த்துப் பேசுகிற நமக்கு இது புதிதன்று. விதியைத் தனியே மனப்பாடம் செய்யாமல், முழு வாக்கியமாகவே பழகுங்கள். பிறர் வீட்டு வாசலில் தயக்கம் வந்தால், ஔ யெக் ஆத் ஃபாரா ஊர் ஸ்கோவ்னும் என்று கேளுங்கள். காலணியைக் கழற்றட்டுமா என்று பொருள். மருத்துவமனை போன்ற இடங்களில் காலணியின் மேலே மாட்டிக்கொள்ளும் நெகிழி உறைக்கு ஸ்கோவ்ஹ்லீவர் என்று பெயர்.

காலணிக்கடை ஸ்கோவ்பூத். போட்டுப் பார்க்கலாமா என்பதற்கு, மௌ யெக் மௌத்தா தெஸ்ஸா என்று கேட்க வேண்டும். அளவில் கவனம் தேவை. இந்தியக் கடைகளில் நாம் பெரும்பாலும் பிரிட்டன் அளவையே சொல்லிப் பழகியிருக்கிறோம். அதில் ஓர் எண் கூடினால் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, ஏறத்தாழ 8.5 மில்லிமீட்டர் நீளும். ஐஸ்லாந்தில் ஐரோப்பிய அளவுதான் வழக்கு. அதில் 3 எண்கள் கூடினால் 2 சென்டிமீட்டர் நீளும். நம் 8 அங்கே சுமாராக 42. காலணி இறுக்கமாக இருந்தால், தெய்ர் எரு ஓவ் த்ரொய்ங்கிர் என்று சொல்லுங்கள். அதே குறையைப் பூட்ஸுக்குச் சொல்லும்போது, பால் மாறுவதால், தொய் எரு ஓவ் த்ரொய்ங் என்று வாக்கியம் மாறும்.

எண்ணிக்கையில்தான் ஆங்கிலம் நம்மைக் கைவிடுகிறது. ஆங்கிலத்தில் ஒரு ஜோடி, இரண்டு ஜோடி என்று தனிச்சொல் சேர்த்துக் கணக்கிடுவார்கள், தமிழிலும் அப்படியே. ஐஸ்லாந்தியத்தில் ஜோடிகளை எண்ணுவதற்கென்றே வேறு எண்ணுருக்கள் இருக்கின்றன. எய்னிர் ஸ்கோவ்ர் என்றால் ஒரு ஜோடி, த்வென்னிர் ஸ்கோவ்ர் இரண்டு ஜோடி, த்ரென்னிர் மூன்று, ஃபெர்ட்னிர் நான்கு. வழக்கமான எண்ணைப் போட்டு த்வெய்ர் ஸ்கோவ்ர் என்று சொன்னால் இரண்டு தனிக் காலணிகள் என்று ஆகிவிடும். இந்த நான்கு உருக்களையும் உரக்கச் சொல்லி நன்றாகப் பழகிக்கொள்வது அவசியம். காலுறைகளை எண்ணவும் இவையே வேண்டும்.

லேஸ் என்பதற்கு ரெய்மர், அதைக் கட்டுவதற்கு ரெய்மா. ஜிப்புக்கு ரென்னிலௌஸ், நழுவும் பூட்டு என்று பொருள்படும் கூட்டுச்சொல். குழந்தைகளின் காலணிகளில் இருக்கும் வெல்க்ரோவை ஃப்ரன்ஸ்குர் ரென்னிலௌஸ் என்கிறார்கள், அதாவது பிரெஞ்சு ஜிப். சாலை உறைந்து வழுக்கும் நிலைக்கு ஹௌல்கா என்று பெயர். அந்நாள்களில் காலணியின் அடியில் ரப்பர் பட்டையால் மாட்டும் இரும்பு முட்கள், ஆங்கிலத்தில் ஐஸ் கிளீட்ஸ் எனப்படுபவை, மன்ப்ரொத்தர். பனியைப் பார்த்தே இராதவர்கள் முதல் குளிர்காலத்துக்கு முன்பே இவ்விரு சொற்களையும், அந்தப் பொருளையும், கைவசம் வைத்திருக்க வேண்டும்.

அருங்காட்சியகங்களில் வேறு சில சொற்களைக் காண்பீர்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஐஸ்லாந்து மக்கள் வீட்டிலேயே தைத்த மென்மையான தோற்காலணிகளை அணிந்தார்கள். ஆட்டுத்தோலில் செய்தவை சொய்த்ஸ்கின்ஸ்கோவ்ர். மீன்தோலில் செய்தவை ரொத்ஸ்கோவ்ர். மீன்தோல் விரைவில் தேய்ந்துவிடும் என்பதால், ஒரு மலைவழியின் தூரத்தை அதைக் கடப்பதற்குள் எத்தனை மீன்தோல் காலணிகள் கிழியும் என்று கணக்கிட்டதாகச் சொல்வார்கள். உள்ளே வைப்பதற்குப் பெண்கள் வண்ணக் கம்பளியில் பின்னிய திண்டுகளுக்கு ஈலெஹ்ப்பர் என்று பெயர். இன்று கடையில் ஆங்கில இன்சோலுக்கு ஈடாகக் கேட்க வேண்டியது இன்லெக். தேய்ந்த தோலும் நுணுக்கமான பூவேலையும் அருகருகே இருப்பதைப் பார்த்த பிறகு ஈலெஹ்ப்பர் என்ற சொல் மறக்காது.

ஒருமை வடிவத்தை எங்கே பழகுவது என்றால், டிசம்பர் மாதம் அதற்கு ஏற்றது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய 13 இரவுகளில் குழந்தைகள் ஒற்றைக் காலணியைச் சாளரத்தில் வைப்பார்கள். யோவ்லாஸ்வெய்னர் எனப்படும் 13 பேர் இரவுக்கு ஒருவராக மலையிலிருந்து இறங்கி வந்து அதில் சிறு பரிசு போடுவதாகவும், குறும்பு செய்த பிள்ளைக்கு அழுகிய உருளைக்கிழங்கு கிடைப்பதாகவும் வழக்கம். செத்யா ஸ்கோவின் ஊத் ஈ க்லுக்கா என்று அதைச் சொல்வார்கள். ஸ்கோவின் என்பது ஒருமையில் செயப்படுபொருள். எழுவாயாக வரும்போது அது ஸ்கோவ்ரின். காலணி எங்கே கடிக்கிறது, அதாவது உண்மையான சிக்கல் எங்கே இருக்கிறது என்று பேசும் மரபுத்தொடர் ஆங்கிலத்தைப் போலவே ஐஸ்லாந்தியத்திலும் உண்டு; க்வர் ஸ்கோவ்ரின் க்ரெஹ்ப்பிர் என்ற அத்தொடரில் வருவது இந்த எழுவாய் வடிவமே.