கிரிசெல்டா கதையைப் படிப்பது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழி

கணவன் சொல் தட்டாத மனைவி என்றதும் ஐரோப்பிய இலக்கியத்தில் முதலில் நினைவுக்கு வருபவள் கிரிசெல்டா. மேலோட்டமாகப் படித்தால் கோபம்தான் மிஞ்சும். அந்தக் கோபத்தை விட்டுவிடாமலே படியுங்கள்.

படி 1: இத்தாலிய எழுத்தாளர் பொக்காச்சியோவிலிருந்து தொடங்குங்கள். 14ஆம் நூற்றாண்டில் அவர் எழுதிய 'தெக்கமெரோன்' என்ற கதைத் தொகுப்பின் நூறாவது கதை இது. வட இத்தாலியின் சலுட்சோவை ஆளும் குவால்தியேரி, ஓர் ஏழைக் குடியானவனின் மகளான கிரிசெல்டாவை மணக்கிறான்.

படி 2: அவன் வைக்கும் சோதனைகளை ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். மகளைப் பறிக்கிறான், பிறகு மகனையும். கொன்றுவிட்டதாக அவளை நம்பவைத்து, இருவரையும் பொலோன்யாவில் ரகசியமாக வளர்க்கிறான். அடுத்து அவளையே தள்ளிவைக்கிறான். கடைசியில், தன் புது மணப்பெண்ணை வரவேற்க வீட்டைத் தயார்செய்யும்படி அவளையே அழைக்கிறான். அந்த மணப்பெண் அவள் பெற்ற மகள்!

படி 3: இப்போது கிரிசெல்டா வாய் திறக்கும் இடங்களுக்குத் திரும்புங்கள். பலரும் தவறவிடுவது இதைத்தான். வெளியேறும்போது, தான் கொண்டுவந்த கன்னிமையைத் திரும்பக் கொண்டுபோக முடியாது, அதற்கு ஈடாக உடலை மறைக்க ஓர் உள்ளாடையாவது தாருங்கள் என்று கேட்கிறாள். புது மணப்பெண்ணைப் புகழ்ந்த கையோடு, முன்னவளுக்குக் கொடுத்த வேதனையை இவளுக்குக் கொடுக்காதீர்கள், செல்லமாக வளர்ந்தவள் தாங்கமாட்டாள் என்கிறாள். பணிவான சொற்கள்தான், ஆனால் நடந்தது கொடுமை என்பதை அவன் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுகிறாள். என் கணிப்பில் கதையின் உயிர் இந்த இரண்டு பேச்சுகளில் இருக்கிறது.

படி 4: கதைசொல்லியைக் கவனியுங்கள். பொக்காச்சியோவின் கதைசொல்லி தியோனேயோ, குவால்தியேரி செய்தது மதிகெட்ட மிருகத்தனம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறான். 1373இல் இதை லத்தீனில் எழுதிய இத்தாலியக் கவிஞர் பெத்ரார்க்கா போக்கையே மாற்றுகிறார்: மனைவியர் இவளைப் பின்பற்ற வேண்டும் என்பதல்ல, மனிதர்கள் கடவுளிடம் இத்தகைய உறுதியோடு இருக்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். ஆங்கிலக் கவிஞர் சாசர் அவரைப் பின்பற்றி ஆங்கிலத்தில் பாடினார். ஆனால் முடிவில், கிரிசெல்டாவும் அவள் பொறுமையும் இறந்துவிட்டன, மனைவியரே, வாயடைத்து நிற்காதீர்கள் என்று ஒரு பாட்டைச் சேர்த்தார்.

படி 5: நேரமிருந்தால் 1691இல் வெளிவந்த பிரெஞ்சு எழுத்தாளர் பெரோவின் செய்யுள் வடிவத்தையும் பாருங்கள். அதில் மகன் இல்லை, மகள் மட்டுமே. பெண்கள் எல்லோர்மீதும் கணவனான இளவரசனுக்குள்ள அவநம்பிக்கை அங்கே வெளிப்படையாகவே பேசப்படுகிறது.