தயிரில் பாக்டீரியா உயிரோடு இருக்க: உறை ஊற்றுவது முதல் சாப்பிடும் வரை

ஒரு லிட்டர் பால் பொங்கியதும் தீயைக் குறைத்து, 5 நிமிடம் கிண்டிவிடுங்கள். 85 டிகிரிக்கு மேல் சூடேறினால்தான் பாலிலுள்ள மோர்ப்புரதம் குலைந்து, பாலின் முக்கியப் புரதமான கேசினோடு பிணையும். தயிர் தண்ணீர் விடாமல் கெட்டியாக நிற்பது அதனால்தான்.

பலருக்கும் தயிர் கெடுவது அடுத்த கட்டத்தில். பால் 40 முதல் 43 டிகிரிக்கு ஆற வேண்டும். விரலை விட்டுப் பத்து எண்ணும்வரை சுடாமல் இருந்தால் சரி. இதைவிட ரொம்ப அதிகச் சூட்டில் உறை ஊற்றினால் பாக்டீரியா செத்துவிடும், காலையில் பால் பாலாகவே இருக்கும். ரொம்ப ஆறிவிட்டால் அவை மெதுவாகத்தான் பெருகும். வேறு கிருமிகள் முந்திக்கொள்ளும், கொழகொழவென்று நூல் இழுக்கவும் கூடும்.

உறைக்கு முந்தைய நாள் தயிர் 2 தேக்கரண்டி போதும். கட்டியில்லாமல் அடித்துக் கலக்குங்கள். கோடையில் 5, 6 மணி நேரம். குளிரில் 8 முதல் 10, பாத்திரத்தைத் துணியில் சுற்றி வையுங்கள். உறை கூடினால் சீக்கிரம் புளிக்கும், அவ்வளவுதான். உறையும்போது பாத்திரத்தை அசைக்காதீர்கள். பாக்டீரியா உண்டாக்கும் லாக்டிக் அமிலம் கூடி, பி.எச். (புளிப்பு ஏற ஏறக் குறையும் அளவு) 4.6-க்கு இறங்கும்போது கேசின் வலைபோலக் கட்டுகிறது. அசைத்தால் வலை அறுந்து தண்ணீர் பிரியும். உறைந்ததும் ஃபிரிட்ஜில் வையுங்கள். புளிப்பு ஏறுவது மட்டுப்படும், பாக்டீரியா சாகாது.

பால் குடித்தால் வயிறு உப்புகிறவர்களுக்குத் தயிர் ஒத்துக்கொள்வதற்குக் காரணம் இந்த உயிருள்ள பாக்டீரியாதான்: அவற்றின் லாக்டேஸ் நொதி, குடலிலும் லாக்டோஸை, அதாவது பால் சர்க்கரையை, உடைக்க உதவுகிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010-இல் இதை ஏற்றது. ஒரு கிராம் தயிரில் குறைந்தது 10 கோடி உயிருள்ள பாக்டீரியா இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆனால் வீட்டுத் தயிரை 'புரோபயாடிக்' என்று சொல்லிவிட முடியாது. அந்தச் சொல், இன்ன வகை என்று அடையாளம் தெரிந்து, போதிய அளவில் நன்மை தருவதாக நிரூபணமான நுண்ணுயிருக்கே பொருந்தும். எந்த நோயையும் தயிர் குணமாக்கும் என்று நம்பி மருந்தை நிறுத்த வேண்டாம்.

மோர்க்குழம்பு ருசிக்கு மட்டும்தான், கொதித்த மோரில் பாக்டீரியா மிஞ்சாது. தயிர்சாதத்துக்குச் சோற்றைப் பால் விட்டு மசித்து, கைசூடு ஆறியபின் தயிர் சேருங்கள். டாக்ஸிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் ஆகிய ஆன்டிபயாடிக் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மாத்திரைக்கும் தயிருக்கும் நடுவே 2 மணி நேரமாவது விடுங்கள். தயிரிலுள்ள கால்சியம் மருந்தைப் பிடித்து, உடம்பில் முழுதாகச் சேரவிடாது.