விலை உயர்ந்த ஷூ: பெயருக்குக் கொடுக்கிறோமா, தோலுக்குக் கொடுக்கிறோமா?

கடைக்காரர் இரண்டு ஜோடி கறுப்புத் தோல் ஷூக்களை எடுத்து வைக்கிறார். ஒன்றின் விலை 3,000 ரூபாய், மற்றொன்றின் விலை 12,000 ரூபாய். நாலடி தள்ளி நின்று பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. விலை உயர்ந்ததை எடுத்தால் ‘எதற்கு இந்தப் பந்தா’ என்று வீட்டில் ஒருவர் கேட்பார். விலை குறைந்ததை எடுத்தால் ஆறு மாதம் கழித்து அது வாய் பிளக்கும்போது ‘காசுக்கேற்ற பணியாரம்’ என்று இன்னொருவர் சொல்வார். இருவருமே அந்த ஷூவைப் புரட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். பகட்டா, தர உணர்வா என்ற கேள்விக்கு வாங்குபவரின் குணத்தில் விடை தேடுவதை விட்டுவிட்டுப் பொருளிலேயே தேடினால், பத்து நிமிடத்தில் கடையிலேயே பாதி விடை கிடைத்துவிடும்.

நான் கடைப்பிடிக்கும் அளவுகோல் ஒன்றுதான்: பிறர் கண்ணில் படாத இடத்தில் எவ்வளவு செலவு செய்திருக்கிறார்கள் என்று பார்ப்பது. உள்துணிக்குப் பதிலாக உள்தோல் இருக்கிறதா, பாதம் படியும் தளம் தோலா அட்டையா, குதிகாலைச் சுற்றியுள்ள பகுதி உறுதியாக இருக்கிறதா, மேற்பகுதியும் சோலும் எப்படி இணைக்கப்பட்டிருக்கின்றன என்பதையெல்லாம் வீதியில் எவரும் கவனிப்பதில்லை. அங்கே பணம் போயிருந்தால் நாம் கொடுப்பது செய்நேர்த்திக்கான விலை. முத்திரையிலும் பளபளப்பிலும் தடித்த அட்டைப் பெட்டியிலும் மட்டுமே போயிருந்தால் நாம் கொடுப்பது வேறொன்றுக்கான விலை.

கடைக்குப் போகும் முன்னரே ஒரு கணக்கைப் போட்டுவிட வேண்டும். எடுத்துக்காட்டாக, வாரத்தில் நான்கு நாள் அலுவலகத்துக்கு ஷூ அணிபவர் ஆண்டுக்கு ஏறத்தாழ 200 நாள் அணிகிறார். அவர் 12,000 ரூபாய் ஷூவை வாங்கி, இடையில் ஒருமுறை 2,000 ரூபாய் கொடுத்துச் சோல் மாற்றி, ஐந்து ஆண்டு உழைக்க வைத்தால் ஒரு நாளைக்கு 14 ரூபாய் ஆகிறது. 3,000 ரூபாய் ஷூவை ஆண்டுக்கொரு முறை மாற்றினால் ஒரு நாளைக்கு 15 ரூபாய் ஆகிறது. அதாவது இருவரும் ஏறத்தாழ ஒரே செலவைத்தான் செய்கிறார்கள், ஆனால் முதலாமவர் ஐந்து ஆண்டும் நல்ல ஷூவில் நடக்கிறார். அதே 12,000 ரூபாய் ஷூவை வாங்கி, ஆண்டுக்குப் பத்துக் கல்யாணங்களுக்கு மட்டும் போட்டுக்கொண்டு போகிறவருக்கு, ஐந்தாண்டுக் கணக்கில் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் 240 ரூபாய் ஆகிறது. ஒரே ஷூ ஒருவருக்குச் சிக்கனமாகவும் மற்றவருக்குப் பகட்டாகவும் இருக்க முடியும் என்பதை இந்தக் கணக்கு காட்டுவதால், எத்தனை நாள் அணியப் போகிறோம் என்பதை நேர்மையாக எழுதி வைத்துக்கொண்டுதான் விலைப்பட்டியலைப் பார்க்க வேண்டும்.

கடையில் முதலில் செய்ய வேண்டியது ஷூவைப் புரட்டுவது. சோலை மேற்பகுதியோடு இணைக்கப் பரவலாக மூன்று முறைகள் உள்ளன. பசையால் ஒட்டுவது முதல் முறை. உள்தளத்திலிருந்து சோல் வரை நேராக ஒரே தையலாகத் தைப்பது இரண்டாவது. இதை ப்ளேக் தையல் என்பார்கள், உள்ளே மெத்தையைச் சற்றுத் தூக்கினால் தளத்தைச் சுற்றி ஓடும் நூல் தெரியும். மூன்றாவது, மேற்பகுதியின் அடிவிளிம்பைச் சுற்றி ‘வெல்ட்’ எனப்படும் ஒரு தோல் பட்டையை வைத்துத் தைத்து, அந்தப் பட்டையோடு சோலைத் தனியாகத் தைக்கும் குட்இயர் வெல்ட் முறை. (டயர் நிறுவனத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை, 19-ஆம் நூற்றாண்டில் இதற்கான எந்திரத்துக்குப் பெயர் தந்தவர், ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிப் பதப்படுத்தும் முறையைக் கண்டறிந்த சார்லஸ் குட்இயரின் மகன்.) இந்த முறையில் தேய்ந்த சோலை மட்டும் அறுத்து எடுத்துவிட்டு, மேல்தோலைத் தொடாமலேயே புதியதைத் தைக்கலாம் என்பதால்தான் இதற்கு விலை அதிகம்.

இங்கே ஏமாற்றுக்கு இடமுண்டு. ஒட்டிய ஷூவின் விளிம்பிலும் அழகுக்காக ஒரு பட்டையை ஒட்டி அதில் தையல் போட்டிருப்பார்கள். சில சமயம் நூலே இருக்காது, அச்சில் வார்த்த கோடுதான் இருக்கும். விளிம்பில் தெரியும் தையல் சோலின் அடிப்புறத்தில், ஓரத்தை ஒட்டிய பள்ளத்தில் வெளிவருகிறதா என்று பார்த்தால் பெரும்பாலும் உண்மை தெரிந்துவிடும். மிக உயர்ந்த விலையுள்ள சில ஷூக்களில் அடித்தையலைத் தோலுக்குள் மறைத்திருப்பார்கள் என்பதால், அத்தகைய ஷூவை வாங்கும்போது விற்பனையாளரிடம் நேரடியாகக் கேட்டு, அவர் சொல்வது நிறுவனத்தின் விவரத்தாளிலும் இருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். ஒட்டிய ஷூ மட்டமானது என்று இதற்குப் பொருளில்லை. அது எடை குறைந்தது, எளிதில் வளைவது. ஆனால் ஒட்டிய ஷூவுக்கு 12,000 ரூபாய் கேட்கும்போது, அந்தத் தொகை எங்கே போயிருக்கிறது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

இதில் இன்னொரு கேள்வியும் இருக்கிறது, பலர் அதைக் கேட்பதில்லை. சோலை மாற்றித் தர ஆள் இருக்கிறாரா? பேருந்து நிலையத்தின் அருகே அமர்ந்து தைக்கும் கைதேர்ந்த தொழிலாளி குதிகால் ரப்பரை மாற்றுவார், பிரிந்த சோலை ஒட்டிச் சுற்றித் தைத்தும் தருவார். வெல்ட் தைக்கும் எந்திரம் அவரிடம் இருக்காது. விற்கும் நிறுவனம் சோல் மாற்றித் தருமா, எவ்வளவு வாங்கும், எத்தனை நாளாகும் என்று வாங்கும்போதே கேட்டுவிட வேண்டும். ‘அப்படியெல்லாம் செய்வதில்லை சார்’ என்று பதில் வந்தால், நீங்கள் போட்ட ஐந்தாண்டுக் கணக்கை அங்கேயே கிழித்துப் போட்டுவிடலாம். மாற்ற ஆளில்லாத வெல்ட் வெறும் பேச்சுப் பொருள்தான்.

அடுத்தது தோல். ‘ஜெனியுன் லெதர்’ என்ற முத்திரையைப் பார்த்ததும் மனம் நிறைந்துவிடக் கூடாது, ஏனென்றால் அது தோல் என்பதை மட்டுமே சொல்கிறதே தவிர எந்தத் தரத்துத் தோல் என்பதைச் சொல்வதில்லை. விலங்கின் தோலில் மயிர் வளர்ந்த மேற்பரப்பைச் சுரண்டாமல் பயன்படுத்துவது ஃபுல் கிரெய்ன். அதன் நார்கள் நெருக்கமாக இருப்பதால் அதுவே வலுவானது. தழும்பையும் கீறலையும் மறைக்க மேற்பரப்பைத் தேய்த்து, வண்ணப்பூச்சு ஏற்றி, அச்சுப் பதித்த தோல் அடுத்த நிலை. தோலைக் கிடைமட்டமாகப் பிளந்த பின் கிடைக்கும் அடிப்பகுதியான ஸ்ப்ளிட்டின் மேல் பிளாஸ்டிக் படலத்தை ஒட்டியது கடைசி நிலை; நம் ஊர் வியர்வையிலும் மழையிலும் அந்தப் படலம் செதில் செதிலாக உரியும். விரலால் அழுத்திப் பார்த்தால், நல்ல தோலில் மெல்லிய சுருக்கங்கள் விரலைச் சுற்றிப் பரவிப் பின் மறையும். நுண்துளைகள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. படலம் ஒட்டியதில் துணியைப் போல ஒரே பெரிய மடிப்பு விழும், துளைகளின் வடிவமும் அச்சடித்தது போல் திரும்பத் திரும்ப வரும். மோந்து பார்த்து முடிவு செய்ய வேண்டாம், தோல் மணத்தையும் தெளிக்க முடியும்.

ஐரோப்பியச் சந்தைக்கான ஷூக்களின் அடியிலோ பெட்டியிலோ ஒரு சிறு ஒட்டுத்தாள் இருக்கும். 1994-இல் வந்த ஐரோப்பிய விதியின்படி அதில் மேற்பகுதி, உள்பகுதி, சோல் ஆகிய மூன்றும் எதனால் ஆனவை என்பதைப் படக்குறிகளாலோ எழுத்தாலோ காட்ட வேண்டும். விரித்த தோலின் வடிவம் இருந்தால் தோல், அந்த வடிவத்துக்குள் சாய்சதுரம் இருந்தால் படலம் பூசிய தோல், வெறும் சாய்சதுரம் இருந்தால் தோலோ துணியோ அல்லாத பிற பொருள், வலைப்பின்னல் இருந்தால் துணி. வெளியே தோல் குறியும் உள்ளே வெறும் சாய்சதுரமும் உள்ள விலை உயர்ந்த ஷூவைப் பார்த்தால், செலவு எந்தப் பக்கம் நோக்கிச் செய்யப்பட்டிருக்கிறது என்பது புரிந்துவிடும். மே மாதச் சென்னையில் எட்டு மணி நேரம் ஷூவுக்குள் இருக்கும் பாதத்துக்கு வெளித்தோலைவிட உள்தோல்தான் முக்கியம்.

சோல் எதனால் ஆனது என்று கேட்க நான் பட்டுக் கற்றுக்கொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன்பு, என் கைக்கு மீறிய விலையில், பெயர் பெற்ற நிறுவனம் ஒன்றின் ஷூவை வாங்கி, தினமும் போட்டால் கெட்டுவிடும் என்று கருதி, விசேஷங்களுக்கு மட்டுமென்று பெட்டியிலேயே வைத்திருந்தேன். நான்காம் ஆண்டில் உறவினர் ஒருவரின் கல்யாணத்தில், மண்டபத்தின் படியேறும்போது சோல் புட்டுப் புட்டாக உதிரத் தொடங்கியது. பந்தி வரை நான் வந்த வழி முழுவதும் கறுப்புத் துகள்கள் கிடந்தன. மேல்தோலில் ஒரு கீறல்கூட இல்லை. நுரை போன்ற செயற்கைப் பொருளான பாலியூரிதேனால் செய்த எடை குறைந்த சோல்கள் காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து காலப்போக்கில் சிதைபவை. அணியாமல் வைத்திருப்பதால் அவற்றின் ஆயுள் நீள்வதில்லை. காட்டுவதற்கென்று காப்பாற்றி வைத்ததே அந்த ஷூ வீணாகக் காரணமாயிற்று.

ஆகவே விசேஷங்களுக்கு மட்டும் அணியும் ஷூவுக்கு ரப்பர் சோலோ தோல் சோலோ உள்ளதைத் தேர்ந்தெடுப்பது நல்லது. பாலியூரிதேன் என்றால் பெட்டியின் ஒட்டுத்தாளில் எம்.ஆர்.பி.யோடு அச்சிட்டிருக்கும் மாதத்தையும் ஆண்டையும் படிக்க வேண்டும். அது தயாரித்த மாதமா, இறக்குமதி செய்த மாதமா என்பதையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் இறக்குமதி மாதம் மட்டும் இருந்தால், அதற்கு முன் அந்த ஷூ எத்தனை மாதம் கிடங்கில் கிடந்தது என்பது தெரியாது. பாதி விலைத் தள்ளுபடியில் கிடைக்கும் பெரிய பெயர்கள் பல சமயம் பழைய சரக்கு.

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் உறவினர் உள்ளவர்கள் உடனே ஒன்றைச் சொல்வார்கள்: ‘எல்லாம் எங்கள் ஊரில் தைப்பதுதான், பெயரை ஒட்டி நாலு மடங்கு விற்கிறார்கள்.’ அந்த வட்டாரம் பல வெளிநாட்டு நிறுவனங்களுக்கு ஷூ தைத்து அனுப்புகிறது என்பதும், கடை வாடகையும் விளம்பரமும் விலையில் பெரும்பங்கு என்பதும் உண்மை. ஆனால் ஒரே தொழிற்சாலையில் இரு வேறு தரத்தில் தைக்க முடியும். எந்தத் தரத்துத் தோல், எத்தகைய உள்தளம், எந்த அளவு குறை இருந்தால் ஜோடியைத் தள்ளிவிடுவது என்பதையெல்லாம் வாங்கும் நிறுவனமே வகுக்கிறது. எனவே ‘எக்ஸ்போர்ட் சரக்கு’ என்று மலிவாக விற்பவரிடம் வாங்கும்போதும், அது ஏன் ஏற்றுமதியாகவில்லை என்று மேலே சொன்ன அதே சோதனைகளால் பார்க்க வேண்டும். ஒழுங்கான நிறுவனத்தின் பெயரில் ஒரு பயன் இருக்கிறது: அதே அளவு எண், அதே தரம் அடுத்த முறையும் கிடைக்கும், குறை இருந்தால் மாற்றிக் கேட்க ஒரு கதவு இருக்கும். அந்த நிம்மதிக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பதை நான் பகட்டில் சேர்ப்பதில்லை.

எந்தப் பெயராக இருந்தாலும் காலுக்குப் பொருந்தாவிட்டால் வேண்டாம். சென்னை அடையாற்றில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாடெங்கும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்களை முப்பரிமாணக் கருவியால் அளந்து, இந்தியருக்கென ‘பா’ என்ற தனி அளவுமுறையை முன்மொழிந்ததற்குக் காரணமே, நம் பாதங்கள் பொதுவாக அகலமானவை, நாம் வாங்குவதோ அயல்நாட்டு அளவுகளில் என்பதுதான். பக்கவாட்டில் இறுக்குவதைச் சமாளிக்க ஓர் எண் பெரியதாக வாங்கிக் குதிகால் வழுக்க நடப்பதைவிட, அகலமான வார்ப்பில் செய்த உள்ளூர் ஷூவே மேல். மாலையில், பாதம் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், வழக்கமாக அணியும் காலுறையோடு போட்டுப் பார்த்து வாங்க வேண்டும்.

இத்தனையும் பார்த்த பிறகு, பெயர் தெரியும் இடத்தைக் கையால் மூடிக்கொண்டு, இந்த எழுத்துகள் இல்லாவிட்டாலும் இந்தத் தொகையைக் கொடுப்பேனா என்று கேட்டுக்கொள்ளலாம். 8,000 ரூபாய் கொடுப்பேன் என்று மனம் சொன்னால், மீதி 4,000 ரூபாய் பெயருக்கு. அதையும் கொடுக்கலாம், கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுத்தால் போதும்.

ஆனால் இந்தச் சோதனையை நம் பணப்பைக்கு மட்டுமே வைத்துக்கொள்ள வேண்டும், அடுத்தவர் காலைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லப் பயன்படுத்தக் கூடாது. செருப்பணிந்து தெருவில் நடக்கும் உரிமையே சாதியின் பெயரால் மறுக்கப்பட்ட ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு. திருப்பூர் மாவட்டம் ராஜாவூரில் ஒரு தெருவில் பட்டியல் சாதி மக்கள் அந்தத் தடையை மீறிச் செருப்போடு நடந்தது 2023 டிசம்பரில்தான். அப்படி உரிமை மறுக்கப்பட்ட குடும்பத்திலிருந்து வந்த ஒருவர் தம் முதல் சம்பளத்தில் பளபளக்கும் ஷூ வாங்கினால், அதன் சோல் ஒட்டியதா தைத்ததா என்று ஆராயும் தகுதி எனக்கில்லை.

வாங்கிய பின், வீட்டுக்குள் டைல்ஸ் தரையில் மட்டும் இரண்டு மாலை நடந்து பார்த்து, பொருந்துகிறது என்று உறுதியான பிறகே பெட்டியையும் ரசீதையும் ஓரம் வைக்கலாம். ஒரே ஜோடியைத் தொடர்ந்து அணியாமல் ஒருநாள் விட்டு ஒருநாள் அணிந்தால் உள்தோல் உலர நேரம் கிடைக்கும். மழைக்காலத்தில் உள்ளே செய்தித்தாளைத் திணித்து, பெட்டிக்குள் அடைக்காமல் காற்றோட்டமாக வைத்தால் பூஞ்சை பிடிக்காது. குதிகால் ரப்பர் தேய்ந்து அடுத்த அடுக்கைத் தொடும் முன்பே மாற்றிவிட வேண்டும். அதற்கு நிறுவனத்தைத் தேடிப் போகத் தேவையில்லை, பேருந்து நிலையத்தருகே இருப்பவரே போதும்.