10 எண்ணுக்கு ஓடிய எம்.பி.ஐ. நிரல் ஒரு லட்சத்துக்கு ஏன் நிற்கிறது?

எம்.பி.ஐ. என்பது ஒரே கணக்கைப் பல ப்ராசஸ்கள் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல் பிரதிகள்) ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிப் பகிர்ந்து செய்யும் முறை. அவை ஒன்றையொன்று எதிர்பார்த்து அப்படியே நின்றுபோவதுதான் டெட்லாக். அது வந்தால் பிழைச் செய்தி எதுவும் வராது. திரை அப்படியே நிற்கும். ஓடும் ப்ராசஸ்களைக் காட்டும் டாப் கட்டளையில் பார்த்தால் சிபியு 100 சதவீதம் ஓடும். கணக்கு மும்முரமாக நடக்கிறது என்று நம்பி நான் ஒருமுறை ராத்திரி முழுக்கக் காத்திருந்தேன். உண்மையில், பெரும்பாலான எம்.பி.ஐ. நூலகங்கள் "செய்தி வந்ததா, வந்ததா" என்று ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்த 100 சதவீதம் அதற்குத்தான் செலவாகிறது.

நாமே ஒரு டெட்லாக்கை உருவாக்குவோம்.

படி 1. ரேங்க் 0, ரேங்க் 1 என இரண்டு ப்ராசஸ் (ரேங்க் என்பது ஒவ்வொரு ப்ராசஸுக்கும் எம்.பி.ஐ. தரும் எண்). இரண்டுமே முதலில் தன் அரேயை (எண் வரிசையை) மற்றதற்கு செண்ட் செய்யட்டும், அப்புறம் ரிசீவ். அரேயில் 10 டபுள் எண்கள் (ஒன்றுக்கு 8 பைட்), அதாவது 80 பைட். ஓடிவிடும்.

படி 2. 10 என்பதை ஒரு லட்சமாக்குங்கள். இப்போது 8 லட்சம் பைட். நின்றுவிடும்.

செய்தி சின்னதாக இருந்தால் நூலகம் அதைத் தன் பஃபரில் (தற்காலிக நினைவிடத்தில்) வாங்கி வைத்துக்கொண்டு செண்டை உடனே முடித்துவிடுகிறது. பெரிதாக இருந்தால், எதிர்முனை ரிசீவுக்கு வரும்வரை செண்ட் முடியாது. இங்கே இரண்டு பேருமே செண்டில் நிற்கிறார்கள்; ரிசீவ் வரிக்கு யாரும் போகவே முடியாது. எது சின்னது, எது பெரிது என்பது நூலகத்தையும் நெட்வொர்க்கையும் பொறுத்து மாறும். ஆகவே படி 1-இல் ஓடியதும் தப்பான நிரல்தான்.

படி 3. யார் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். பிரிண்ட் வரிகளை நம்ப வேண்டாம். வெளியீடு பஃபரில் தங்கிவிடும், கடைசியாகத் தெரியும் வரிதான் நின்ற இடம் என்று சொல்ல முடியாது. நிரலை டீபக் தகவலோடு (வரி எண்கள் தெரியும்படி) கம்பைல் செய்து ஓடவிடுங்கள். நின்றதும், ஒவ்வொரு ப்ராசஸ் எண்ணுக்கும் (டாப்பில் தெரியும் பிஐடி, ரேங்க் அல்ல) ஜிடிபி டீபக்கரை இணைத்து பேக்டிரேஸ் எடுங்கள்; எந்த ஃபங்க்ஷன் எதை அழைத்து இங்கே வந்தது என்ற பட்டியல் அது. மேல் வரிகள் எல்லாம் நூலகத்தின் உள்விவகாரம், பயந்துவிடாதீர்கள். கீழே இறங்கி உங்கள் மெயின் ஃபங்க்ஷனின் வரி எண்ணைப் பாருங்கள். இரண்டிலும் அதே செண்ட் வரி இருக்கும்.

படி 4. இனி எழுதும் நிரல்களைச் சோதிக்க, எல்லா செண்டையும் எஸ்செண்ட் ஆக மாற்றி ஓட்டுங்கள். எதிர்முனை வாங்கத் தொடங்காமல் அது முடியாது. 10 எண்ணிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும்.

படி 5. சரிசெய்வது எளிது: அனுப்புவதையும் வாங்குவதையும் சேர்த்துச் செய்யும் செண்ட்ரிசீவ் என்ற ஒரே அழைப்பு. பல பேரோடு பரிமாற்றம் என்றால், காத்திராமல் உடனே திரும்பும் ஐரிசீவ், ஐசெண்ட், கடைசியில் அவை எல்லாம் முடியும்வரை காத்திருக்கும் வெயிட்ஆல். நடுவே பேரியர் (எல்லா ரேங்க்கும் வந்துசேரும்வரை நிறுத்தும் அழைப்பு) போட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. அதனால் இந்தச் சிக்கல் தீராது.

பேக்டிரேஸில் ரேங்க் 0 பிராட்காஸ்ட்டிலும் ரேங்க் 1 ரிசீவிலும் நின்றால் கதை வேறு. ஒரு ரேங்க்கின் தரவை எல்லோருக்கும் அனுப்பும் பிராட்காஸ்ட்டை எல்லா ரேங்க்கும் அழைத்தாக வேண்டும். "ரேங்க் 0 என்றால்" என்ற இஃப்புக்குள் அது மாட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.