வாசகர் வட்டத்துக்குப் புதுப் புத்தகம் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நமக்குப் பிடித்த புத்தகம் வட்டத்துக்கும் ஏற்றது என்று நினைத்துவிடுகிறோம். மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் புதிய நாவல் ஒன்றை எங்கள் வட்டத்துக்குச் சொன்னேன். பதினொரு பேர் வந்திருந்தார்கள். அத்தனை பேருக்கும் பிடித்திருந்தது. "அருமையான நடை", "கண் கலங்கிவிட்டது" என்று ஒரு சுற்று வந்தது. இருபது நிமிடத்தில் பேச்சு வற்றிவிட்டது. அடுத்த மாதம் வேறொருவர் சொன்ன நாவலில், வயதான தந்தையைத் தனியே விட்டுவிட்டு மகள் ஊரைவிட்டுப் போகிறாள். அவள் செய்தது சரியா என்பதில் வட்டம் இரண்டாகப் பிரிந்தது. புத்தகமே பிடிக்கவில்லை என்ற மூன்று பேர்தான் அன்று அதிகம் பேசினார்கள், பக்கங்களைப் புரட்டி வரிகளை வாசித்துக் காட்டியபடி. இப்போதெல்லாம் ஒரு நாவலை முடித்ததும், இதை வைத்து இரண்டு பேர் மனதார வாதாடுவார்களா என்று யோசித்துப் பார்க்கிறேன்.

முழுதாகப் படிக்காமல் பரிந்துரைப்பது இன்னொன்று. புது நூல் என்றால் முந்திக்கொள்ளும் ஆசை வந்துவிடுகிறது. பின்னட்டை வாசகம் விற்பனைக்காக எழுதப்படுவது. புத்தகம் வந்த சூட்டில் எழுதப்படும் மதிப்புரைகளோ, கதையை உடைத்துவிடக் கூடாது என்று பிற்பாதியைத் தொடாமல் விட்டுவிடுகின்றன. வாசகரை உலுக்குவதோ பல நேரங்களில் அந்தப் பிற்பாதிதான். எங்கள் வட்டத்தில், கணவரை இழந்து ஓராண்டுகூட ஆகாத பெண்மணி ஒருவர் இருந்தார். "லேசான குடும்பக் கதை" என்ற பரிந்துரையை நம்பிப் படிக்கத் தொடங்கினார். அந்த நாவலின் கடைசி நூறு பக்கங்கள் ஒரு மருத்துவமனை அறைக்குள்ளேயே நடக்கின்றன. கூட்டத்துக்குப் புத்தகத்தோடு வந்தார். அடையாளத்துக்கு வைத்த காகிதத் துண்டு அந்த அறையின் வாசலிலேயே நின்றிருந்தது. பரிந்துரைத்தவர் அந்தப் பக்கங்களுக்கு வந்திருக்கவே இல்லை. "இதில் நீண்ட நோய்ப்படுக்கை ஒன்று வருகிறது" என்று ஒரு வரி முன்கூட்டியே சொல்லியிருந்தால் போதும். பிழைப்பது யார், இறப்பது யார் என்பதைச் சொல்லக் கூடாது.

வாழ்க்கை வரலாறு என்றால் யாரைப் பற்றியது என்று மட்டும் பார்க்கிறோம். யார் எழுதியது, எதை வைத்து எழுதியது என்பதையும் பார்க்க வேண்டும். குடும்பத்தார் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் திறந்து கொடுத்த நூலில் நெருக்கம் கிடைக்கும். அவர்களுக்குச் சங்கடமான அத்தியாயம் மெலிந்துபோயிருக்கவும் கூடும். அந்த உதவி இல்லாமல் எழுதியவர் துணிந்து பேசலாம், ஆனால் ஆதாரத்துக்குத் தவிப்பார். ஆகவே பரிந்துரைக்கும் முன் சான்றுக் குறிப்புகளைப் புரட்டுங்கள். மூடிய அறைக்குள் இருவர் பேசியது மேற்கோள் குறிக்குள் வருகிறதென்றால், அது யார் சொல்லித் தெரிந்தது? இந்த ஒரு கேள்வி ஒரு மாலைப் பொழுதுக்குப் போதும்.

தன்வரலாற்றை வாழ்க்கை வரலாற்றோடு குழப்பிக்கொள்வதும் அடிக்கடி நடக்கிறது. காந்தியின் சத்திய சோதனை 1925 முதல் 1929 வரை தொடராக வந்தது. அவர் சொல்லும் கதை 1920களின் தொடக்கத்திலேயே நின்றுவிடுகிறது. 1930-ல் நடந்த உப்பு சத்தியாகிரகத்தைப் பற்றிப் படிக்க விரும்பும் குழுவுக்கு அதைக் கொடுத்தால் கடைசிப் பக்கம் வரை தேடிவிட்டு ஏமாறுவார்கள். தன்வரலாறு என்பதாலேயே எல்லாம் நடந்தவை என்றும் வாக்குக் கொடுக்க முடியாது. அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரே 2005-ல் தன் நிகழ்ச்சியின் வாசகர் வட்டத்துக்குத் தேர்ந்தெடுத்த ஒரு தன்வரலாற்று நூலில் பல பகுதிகள் இட்டுக்கட்டியவை என்று 2006 ஜனவரியில் அம்பலமானது. அதே நிகழ்ச்சியில் நூலாசிரியரை எதிரே உட்காரவைத்து ஓப்ரா கேள்வி கேட்க நேர்ந்தது. அத்தகைய நூலையும் தாராளமாகப் படிக்கலாம். எந்தப் பகுதிகள் சர்ச்சைக்குள்ளானவை என்பதைச் சேர்த்தே சொல்லிவிட வேண்டும்.

நேரக் கணக்கையும் பலர் போடுவதில்லை. 600 பக்க வரலாற்று நூலை மணிக்கு 30 பக்கம் என்று படித்தால் 20 மணி நேரம். ஒரு மாத அவகாசம் என்றால் நாள் தவறாமல் 40 நிமிடம். வேலையும் வீடும் பார்க்கிறவருக்கு அது சிரமம். இரண்டு மாதம் கொடுங்கள், அல்லது எல்லோரும் கட்டாயம் படிக்க வேண்டிய அத்தியாயங்களைக் குறித்துக் கொடுங்கள். நூலகத்தில் எத்தனை பிரதி இருக்கிறது, மின்னூலோ ஒலிநூலோ வந்துவிட்டதா என்பதையும் அறிவிக்கும் முன்பே பார்த்துவிடுவது நல்லது. வெளியான மாதத்தில் ஒரே பிரதிக்குப் பத்துப் பேர் காத்திருப்பார்கள்.

கூட்டத்தன்று நடக்கும் தவறு ஒன்று பாக்கி இருக்கிறது. "நடுவில் சலிப்பாக இருந்தது" என்று யாராவது வாய் திறந்ததும், புத்தகம் சொன்னவர் அதற்கு வக்கீலாகிவிடுவார். "அந்த மெதுவான நடைதான் அதன் அழகே" என்று ஆரம்பித்தால், மனதில் குறையோடு வந்த மற்ற நாலு பேரும் மௌனமாகிவிடுவார்கள். ஆகவே எங்கள் வட்டத்தில், புத்தகம் சொன்னவர் கடைசியில்தான் பேசுகிறார்.