விசில்ப்ளோயர் சட்டம்: புகார் கொடுப்பவர்களும் பிரசாரம் செய்பவர்களும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்தியாவில் ஊழலை அம்பலப்படுத்துபவர்களை, அதாவது விசில்ப்ளோயர்களை, காக்கச் சட்டம் இருக்கிறதா என்று கேட்டால், "ஓ, 2014-லேயே வந்துவிட்டதே" என்று சொல்பவர்கள்தான் அதிகம். விழிப்புணர்வு வகுப்பு எடுக்க வருகிறவர்களில் பலரும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறார்கள். நாடாளுமன்றம் நிறைவேற்றியது உண்மை, 2014 மே மாதம் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்ததும் உண்மை. ஆனால் எந்தத் தேதியிலிருந்து அமலுக்கு வருகிறது என்று மத்திய அரசு அறிவிக்க வேண்டும், அந்த அறிவிப்பு வரவே இல்லை. அடுத்த வருடமே கொண்டுவந்த திருத்த மசோதா மக்களவையைத் தாண்டி, மாநிலங்களவையில் கிடந்து, 2019-ல் மக்களவை கலைந்தபோது காலாவதியாகிவிட்டது. ஆக, இந்தச் சட்டம் காப்பாற்றும் என்று நம்பி யாராவது புகார் எழுதினால் அதுதான் முதல் தவறு. அப்படி நம்ப வைத்தவர் செய்தது அதைவிடப் பெரிய தவறு.

அப்படியானால் கையில் என்ன இருக்கிறது? பொதுநலனுக்காகத் தகவல் வெளியிடுவது, தகவல் தருபவரைக் காப்பது பற்றி 2004-ல் மத்திய அரசு போட்ட ஒரு தீர்மானம், அதன் ஆங்கிலப் பெயரை பி.ஐ.டி.பி.ஐ. (PIDPI) என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அதற்குப் பின்னால் ஒரு கொலை இருக்கிறது. தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தில் வேலை பார்த்த பொறியாளர் சத்யேந்திர துபே, அங்கே நடந்த முறைகேடுகளைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதி, தன் பெயரை வெளியே விடவேண்டாம் என்று கேட்டிருந்தார். கடிதம் அவர் யார் என்ற விவரத்தோடு சேர்ந்தே ஒவ்வொரு மேசையாகப் போனது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வழிப்பறியில் நடந்த கொலை என்று சிபிஐ சொன்னது, 2010-ல் மூன்று பேருக்குத் தண்டனையும் கிடைத்தது. கொலைக்கான காரணம் எதுவாக இருந்தாலும், ரகசியம் கேட்டவரின் கடிதம் பெயரோடு சுற்றியது மறுக்க முடியாத விஷயம்.

அதனால்தான் அந்தத் தீர்மானத்தின் நடைமுறை முழுக்க ஓர் அஞ்சல் உறையைச் சுற்றியே இருக்கிறது, ஆட்கள் சறுக்குவதும் அங்கேதான். புகாரை மூடிய உறையில் தபாலில் மட்டுமே மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்தின் செயலாளருக்கு அனுப்ப வேண்டும், மின்னஞ்சலிலோ இணையதளத்திலோ போட்டால் அது சாதாரணப் புகார்தான். உறையின் மேல் பி.ஐ.டி.பி.ஐ. என்று எழுத வேண்டும், அனுப்புநர் பெயர் எழுதக் கூடாது. பெயரும் முகவரியும் உள்ளே இருக்க வேண்டும். நம் ஆட்கள் இதைத் தலைகீழாகச் செய்வார்கள்: உறையில் முழு முகவரி, உள்ளே "ஒரு நேர்மையான ஊழியன்". மொட்டைக் கடிதத்தை இந்த வழியில் எடுத்துக்கொள்ளவே மாட்டார்கள்.

இன்னொன்று, நகல் அனுப்பும் பழக்கம். பிரதமருக்கு ஒன்று, முதல்வருக்கு ஒன்று, நாலு பத்திரிகைக்கு ஒன்று என்று அனுப்பினால்தான் பயப்படுவார்கள் என்று ஒரு நம்பிக்கை நம் ஊரில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. வேறு மனுக்களுக்கு அது உதவலாம். இங்கே, பல அதிகாரிகளுக்கு அனுப்பிய புகாரை ரகசியப் புகாராகவே கருத மாட்டார்கள், உங்கள் பெயரை நீங்களே வெளியிட்டுவிட்டால் அதைக் காக்கும் பொறுப்பும் ஆணையத்துக்கு இல்லை.

சரி, உறை சரியாகப் போய்விட்டது. புகாரின் வாசகமே ஆளைக் காட்டிக்கொடுத்தால்? "கடந்த மாதம் 12-ம் தேதி நான் கையெழுத்துப் போட மறுத்த பில்" என்று எழுதினால் பெயரே தேவையில்லை, மூன்று பேர் இருக்கும் பிரிவில் மறுத்தவர் யார் என்று எல்லாருக்கும் தெரியும். "அந்தத் தேதியிட்ட இன்ன எண் பில்லில் அளவு தவறாக இருக்கிறது" என்று எழுதினால் போதும். கோப்பில் யார் பார்த்தாலும் தெரியக்கூடிய விஷயமாக எழுதுவதுதான் சூட்சுமம், "நான்" எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

இவ்வளவும் மத்திய அரசு ஊழியர்கள், மத்திய பொதுத்துறை நிறுவனங்கள் மேல் கொடுக்கும் புகாருக்கு மட்டும்தான். மாநில அரசு ஊழியர்கள் இதில் வர மாட்டார்கள். தாலுகா அலுவலக ஊழலை டெல்லிக்கு இந்த வழியில் எழுதிவிட்டுக் காத்திருப்பது வீண். தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில் கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ் மணல் கடத்தல் பற்றி போலீஸில் புகார் கொடுத்தவர், 2023 ஏப்ரல் 25 அன்று அவருடைய அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். குற்றவாளிகள் இருவருக்கு அதே ஆண்டு ஆயுள் தண்டனை கிடைத்தது, வேகமான தீர்ப்புதான். ஆனால் கொலைக்குத் தண்டனை வேறு, கொலை நடக்காமல் பார்த்துக்கொள்வது வேறு.

வெளிநாட்டு உதாரணம் சொல்லும்போது இன்னும் கொஞ்சம் கவனம் வேண்டும். ரான்பாக்ஸி மருந்து நிறுவனத்தின் தில்லுமுல்லை வெளியே கொண்டுவந்த தினேஷ் தாக்குருக்குச் சுமார் 4.8 கோடி டாலர் கிடைத்த கதையை எல்லாரும் சொல்கிறார்கள். அது 1863-ல் அமெரிக்காவில் போட்ட ஒரு சட்டத்தின் பலன். அரசுப் பணத்தை மோசடி செய்தவர்களிடமிருந்து மீட்கும் தொகையில் துப்புக் கொடுத்தவருக்குப் பங்கு உண்டு என்று சொல்லும் சட்டம் அது. நம் 2014 சட்டத்தில் வெகுமதி என்ற பேச்சே கிடையாது. பங்குச்சந்தை உள்தகவல் மோசடி பற்றித் துப்புக் கொடுப்பவருக்கு ஒழுங்குமுறை அமைப்பான செபி கொடுப்பது போன்ற சில தனித் திட்டங்கள் உண்டு, அவ்வளவுதான்.

யாரிடம் முதலில் சொல்வது என்பதும் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் பங்குச்சந்தை முறைகேடு என்றால், கம்பெனிக்குள் மட்டும் சொல்லிவிட்டு வேலை போனவருக்கு 2010-ம் ஆண்டு டாட்-ஃபிராங்க் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை, ஒழுங்குமுறை ஆணையத்திடம் போயிருக்க வேண்டும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2018-ல் சொல்லிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019 உத்தரவில், உள்ளே சொல்லாமல் நேராக வெளி அதிகாரியிடம் போகலாம், ஆனால் பத்திரிகைக்குப் போகத் தனி நிபந்தனைகள் உண்டு. மலேசியாவில் 2010 சட்டம் முதலில் எழுதப்பட்டபடி அமலாக்க அமைப்பிடம் சொன்னால்தான் பாதுகாப்பு, வேறு சட்டம் தடுக்கும் தகவலைச் சொன்னால் அதுவும் இல்லை என்று இருந்தது. வங்கிக் கணக்கு விவரங்களை வெளியிட்ட அந்நாட்டு அரசியல்வாதி ரஃபிஸி ரம்லிக்கு 2018-ல் 30 மாதச் சிறை விதித்தார்கள், மேல்முறையீட்டில் அடுத்த ஆண்டுதான் விடுதலை ஆனார். அங்கே வேலை பார்க்கும் தமிழர்கள் ஊர் நினைப்பில் நேராக ஃபேஸ்புக்கில் ஆவணத்தைப் போட்டுவிடக் கூடாது.

கெடுவையும் மறந்துவிடுகிறார்கள். பழிவாங்கப்பட்டால் அமெரிக்காவில் பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தில் புகார் செய்ய 30 நாள்தான். பிரிட்டனில் தீர்ப்பாயத்துக்குப் போக மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவு என்று பல காலம் இருந்த விதியில், அலுவலகத்துக்குள் பேசித் தீர்த்துவிடலாம் என்று காத்திருந்தே வழக்கைக் கோட்டைவிட்டவர்கள் உண்டு.

பிரசாரம் செய்பவர்களிடம் எனக்கு இருக்கும் பெரிய குறை, எப்போதும் தியாகிகளையே காட்டுவது. துபேயைப் பார்த்து மரியாதை வரும், நாமும் எழுதலாம் என்ற தைரியம் வராது. அதோடு, புகார் கொடுப்பவர் அப்பழுக்கில்லாதவராக இருக்க வேண்டும் என்ற எண்ணமும் ஒட்டிக்கொள்கிறது. "பதவி உயர்வு கிடைக்காத கோபத்தில் சொல்கிறான்" என்றால் இருக்கட்டுமே, சொன்னது உண்மையா? நல்லெண்ணத்தோடு சொல்லியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பிரிட்டன் 2013-ல் எடுத்துவிட்டது, கெட்ட நோக்கம் நிரூபணமானால் இழப்பீடு கொஞ்சம் குறையும், பாதுகாப்பு போகாது.

சட்டம் மட்டும் கேட்டால் போதும் என்பதும் தவறு. தென்னாப்பிரிக்காவில் 2000-லிருந்தே சட்டம் இருக்கிறது, ஆனால் அது முக்கியமாக வேலையிடத்துப் பழிவாங்கலைப் பற்றியது. மருத்துவமனைக் கொள்முதல் முறைகேட்டைச் சுட்டிக்காட்டிய நிதி அதிகாரி பபிதா தியோகரனை 2021 ஆகஸ்டில் ஜோஹன்னஸ்பர்க்கில் அவர் வீட்டு வாசலில் சுட்டுக் கொன்றார்கள்.

நம் ஊரிலோ எம்.பி.க்களிடம் "சட்டம் கொண்டுவாருங்கள்" என்று மனு கொடுத்துக்கொண்டிருக்கிறோம். அதற்கு "ஏற்கெனவே நிறைவேற்றிவிட்டோம்" என்று ஒரு வரியில் பதில் வரும். கேட்க வேண்டியது 2014 சட்டத்தின் 1(3) பிரிவின்படி அமலுக்கு வரும் தேதியை எப்போது அறிவிப்பீர்கள் என்று. அதற்குப் புதிய மசோதா தேவையில்லை, அரசிதழில் ஓர் அறிவிப்பு போதும். அது வந்தால் கிராம நிர்வாக அலுவலர் உட்பட மாநில ஊழியர்கள் மேல் கொடுக்கும் புகார்களும் அந்தச் சட்டத்துக்குள் வரும்.